சந்தை மதிலில் நிற்காத சுண்ணாம்பு

எங்கள் ஊர் வாசகசாலையில் மாதத்துக்கு ஒரு புத்தகம் எடுத்துப் பேசுவார்கள். போன மாதம் எடுத்தது ஒரு வெளிநாட்டுக் கதை. அந்தக் கதையில் வரும் நாட்டில் எல்லாரும் ஒன்றுபோல் பேச வேண்டும், ஒன்றுபோல் நினைக்க வேண்டும். அரசாங்கத்துக்குப் பிடிக்காத எழுத்தை அழிப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் உண்டு. பேசிய வாத்தியார், இது எங்கும் நடந்ததில்லை, நடந்துவிடக் கூடாதே என்று ஒருவர் கற்பனை செய்தது என்றார். பின்வரிசையில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சம்பளம் வாங்கியவள் நான்.

பக்கத்தில் இருந்த, மராமத்து ஆபீசில் வேலை பார்க்கிற பிள்ளைகள் இரண்டு பேர், அம்மை எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சபையில் எழுந்து பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை. அதனால் எழுதித் தருகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு நாள் ஆகிறது. ஆகட்டும். எனக்கு இப்போது வேறு வேலை இல்லை.

ஊர் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், கொல்லயில் பக்கம். பேர் வேண்டாம். என் அப்பனுக்குச் சுண்ணாம்புச் சூளை இருந்தது. காயலில் வாரிய கக்காய்ச் சிப்பி வண்டியில் வந்து இறங்கும். அதைச் சுட்டு, நீற்றி, சலித்து எடுப்பதை நான் பத்து வயதிலேயே படித்துவிட்டேன். பதினெட்டில் கல்யாணம். இருபதில் கட்டியவன் மலைத்தோட்டத்துக் காய்ச்சலில் போனான். சர்க்கார் மராமத்து வேலைக்குச் சுண்ணாம்பு தெரிந்த கூலியாள் வேண்டும் என்றார்கள், போனேன். இவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் ஒன்று சொல்வேன். நான் அடித்த வெள்ளையை வேட்டி உரச நடந்து போனாலும் வேட்டியில் ஒட்டாது. இன்றைக்கு டப்பாவில் வருகிற சாயத்துக்கு அந்த யோக்கியதை கிடையாது.

அது எல்லைக் கிளர்ச்சிக் காலம். திருவிதாங்கூரில் தமிழ் பேசுகிற தாலூகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடாது என்று ஒரு கூட்டம். எங்கள் தாலூகாவும் அப்படிக் கேட்ட பட்டியலில் உண்டு. ஊர்வலம், தடியடி, ஆளைப் பிடித்தல் எல்லாம் தெற்கே நடந்தது. எங்கள் ஊரில் நடந்தது மதிலில். விடிந்தால் மதில் முழுக்க, தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எழுத்து. அதை அழிக்கத்தான் ஆள் தேடினார்கள்.

ஆளை எடுத்தவர் மராமத்து ஓவர்சியர். ஒல்லியான மனிதர். கக்கத்தில் எப்போதும் ஒரு குடை. சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. வந்த ஐந்தாறு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் காட்டினார். எனக்கு முன்னால் நின்ற ஆண்கள் எல்லாரும் தட்டுத் தடுமாறி வாசித்துக் காட்டினார்கள். வாசித்தவர்களை எல்லாம் அனுப்பிவிட்டார். என்னிடம் காட்டியபோது, எனக்கு எழுத்து தெரியாது சாரே என்றேன். கொள்ளாம், அதுதான் நல்லது, நாளை காலையில் வா என்றார். எழுத்து தெரியாததற்காக வேலை கிடைத்தது என்று வீட்டில் சொன்னபோது அம்மை நம்பவில்லை.

வேலை இப்படி. காலையில் வெயில் ஏறும் முன் மதிலை நனைக்க வேண்டும். காய்ந்த மதிலில் சுண்ணாம்பு பிடிக்காது. எழுத்து கரியால் எழுதியது என்றால் தேங்காய் மட்டையால் தேய்த்து ஒரு கை அடித்தால் போதும். காவி என்றால் சிவப்பு ஊறி மேலே வரும், இரண்டு கை வேண்டும். தார்தான் பொல்லாதது. எத்தனை கை அடித்தாலும் மஞ்சளாக மேலே எழும்பி நிற்கும். அதை அரிவாளால் சுரண்டி, வயல் களிமண்ணைக் குழைத்துப் பூசி, அது உலர்ந்தபின் மேலே அடிக்க வேண்டும். களிமண் வித்தை நானே கண்டுபிடித்தது. கலவைக்குக் கொஞ்சம் கஞ்சித் தண்ணீர், ஒரு பிடி உப்பு. தூரிகை தாழை வேரைத் தட்டி நாராக்கியது.

நான் அடித்துக்கொண்டிருக்கும்போது ஓவர்சியர் மதிலுக்கு முதுகைக் காட்டி நிற்பார். ஒரு நாளும் எழுத்தைப் பார்த்து நின்றதில்லை. எழுத்து என்ற சொல்லையும் சொல்லமாட்டார். அழுக்கு என்பார். இன்று சந்தையில் அழுக்கு உண்டு, பள்ளிக்கூடத்துப் பின்னால் கொஞ்சம் அழுக்கு உண்டு. ஆபீஸ் புத்தகத்திலும் அழுக்கு நீக்கியது என்றுதான் எழுதுவார். நான் முடிந்தது என்று சொன்னபிறகு திரும்பி, கைலேஞ்சியால், அதுதான் கைக்குட்டையால், மதிலை ஒரு தடவு தடவுவார். கைலேஞ்சியில் வெள்ளை ஒட்டினால் இன்னும் ஒரு கை என்பார். என் வேலையில் அப்படிச் சொல்ல அவருக்கு இடம் வந்ததில்லை.

ஆனால் வெள்ளையே வினையாயிற்று. பாசி பிடித்த மதிலில் மூன்று முழம் புது வெள்ளை நின்றால், அங்கே என்ன இருந்தது என்று ஊருக்கெல்லாம் தெரியும். ஆட்கள் அந்த வெறும் வெள்ளையின் முன்னால் நின்று வாசிப்பார்கள். முக்குக் கடையில் சாயா குடிக்கிறவர்கள், இன்றைக்கு நீளம் குறைவு, பாதியில் யாரோ வந்துவிட்டான் போலிருக்கிறது என்று பேசுவார்கள். ஓவர்சியர் யோசித்து, முழு மதிலையும் அடிக்கச் சொன்னார். பிறகு முழு மதில் வெள்ளையாக நிற்பதே அடையாளம் ஆயிற்று. அதனால் தெரு முழுக்க அடிக்க உத்தரவு. வீட்டுக்காரர்களும் தங்கள் மதிலை அடிக்க வேண்டும். அடிக்காதவன் யார் என்று போலீஸ் கேட்டு நடந்தது. வறுமையால் அடிக்காதவனும், சோம்பலால் அடிக்காதவனும் ஒரே கணக்கில் சந்தேகக்காரர்கள். அடுத்த ஓணத்துக்குள் ஊரே வெள்ளை. கண் கூசும்.

எழுதுகிறவர்கள் எழுத்தையும் விட்டார்கள். மதிலில் குறுக்கே ஒரு கோடு மட்டும் இழுத்தார்கள். எல்லைக் கோடு. அதில் சொல் இல்லை, கோஷம் இல்லை, கேஸ் போட வழியில்லை. அதையும் அழிக்கச் சொன்னார்கள். பிறகு மாட்டுவண்டி உரசின கோடு, பிள்ளைகள் குச்சியால் இழுத்த கோடு எல்லாம் அழுக்கு. அவ்வளவையும் நான் அடித்தேன். நல்ல வேலை என்று நினைத்தே அடித்தேன்.

அழித்து அழித்தே எனக்கு எழுத்து பிடிபட்டது. அதே நாலைந்து சொல்லைத்தான் திரும்பத் திரும்ப எழுதுவார்கள். யாராவது வாய்விட்டு வாசித்துப் போவார்கள். கேட்டதையும் கண்டதையும் சேர்த்து வைத்துக்கொண்டேன். ஓவர்சியரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும்.

இனித்தான் நான் சொல்ல வந்தது.

சந்தை மதில் ஊரிலேயே நீளமானது. ஒரு வாரம் அதில் வந்த எழுத்து கருப்பு என்றால் அப்படி ஒரு கருப்பு. இரண்டு கை அடித்து முடித்தேன். கைலேஞ்சிச் சோதனையும் ஆயிற்று. மூன்றாம் நாள் காலையில் என் சுண்ணாம்பு தோல் தோலாக உரிந்து கீழே கிடக்கிறது. வெள்ளை மதிலில் எழுத்து முன்னைவிடத் தெளிவாக நிற்கிறது. சந்தைக்கு வந்தவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். மறுபடி அடித்தேன். மறுபடி உரிந்தது.

ஓவர்சியர் வந்தார். அன்றைக்கும் மதிலுக்கு முதுகு காட்டித்தான் நின்றார். கீழே கிடந்த தோலைக் குடை முனையால் குத்திப் பார்த்தார்.

“சுண்ணாம்பில வெள்ளம் கூட்டியோ ராசம்மே?”

சுண்ணாம்பில் தண்ணீர் கூட்டினாயா என்று கேட்கிறார். சந்தையில் இத்தனை பேர் நிற்கும்போது, என்னிடம். கலவையைத் திருடி விற்றுவிட்டு வெறும் தண்ணீரை அடித்தேன் என்று அர்த்தம். என் காது சூடாகிவிட்டது. உரிந்த தோலை எடுத்து விரலில் கசக்கி மோந்து பார்த்தேன். புளித்த வாடை. எண்ணெய்ப் பிசுக்கு. எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிய சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன்.

“எனக்க சுண்ணாம்புக்கு ஒரு குத்தமும் இல்ல சாரே. அடியில கெடக்கியது தாரும் இல்ல, அடுப்புக் கரியும் இல்ல. பாவுக் கஞ்சியாக்கும். தேங்கா எண்ணெ விட்ட கஞ்சியில வெளக்குக் கரியக் கொழச்சு எழுதியிருக்கு. அதுக்க மேல தெய்வம் வந்து அடிச்சாலும் நிக்காது.”

பாவுக் கஞ்சி என்றால் தறியில் ஏற்றும் நூலுக்கு நெசவுக்காரர்கள் போடுகிற பசை. நூல் வழுக்கிப் போவதற்காக அதில் எண்ணெய் விடுவார்கள். எண்ணெயின்மேல் சுண்ணாம்பு பிடிக்காது. அதோடும் விட்டேனா? எழுத்தின் ஓரத்தில் சீப்பு வாரினதுபோல் மெல்லிய கோடுகள் இருந்ததையும் காட்டி, இது பாவுக்குக் கஞ்சி தடவுகிற தூரிகை என்று அதையும் விளக்கினேன்.

ஓவர்சியர் முதல் தடவையாகத் திரும்பி அந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு, கொள்ளாம் ராசம்மே, எங்கள் ஆபீசில் யாருக்கும் இத்தனை அறிவு இல்லை என்றார். உன்னை வேலையில் ஸ்திரப்படுத்தச் சொல்லி மேலே எழுதுகிறேன் என்றும் சொன்னார். சந்தையில் நின்றவர்கள் காதில் விழும்படி சொன்னார். தலை நிமிர்ந்து நடந்து வந்தேன்.

வயல் வரப்பு ஏறும்போதுதான் என் புத்திக்கு எட்டியது. எங்கள் ஊரில் தறி உள்ள வீடு ஒன்றே ஒன்று. பொன்னையண்ணன் வீடு. பாலராமபுரத்துக்காரர். எங்கள் ஊர் லெட்சுமியைக் கட்டிக்கொண்டு, தறியையும் எடுத்துக்கொண்டு இங்கே வந்து இருந்தவர். என் கல்யாணப் புடவை அவர் கையால் நெய்தது.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். உச்சி சாய்ந்த நேரம். அவர் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு இருந்தார். லெட்சுமி ராட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு.

“எட்டி ராசம்மே, ஊர வெளுத்து முடிச்சாச்சா? நீ உள்ளதுகொண்டாக்கும் கிளர்ச்சி நடக்கியது, கேட்டியா. பாசி பிடிச்ச மதில்ல எவன் எழுதுவான்? நீ தினமும் தேச்சுக் கழுவி வெள்ளையடிச்சுத் தாற, எழுதியவனுக்குச் சொகம்.”

லெட்சுமி அவரை வாயை மூடச் சொன்னாள். நானும் சிரித்தேன். தறிக்குப் பக்கத்தில் கஞ்சிச் சட்டி சணல் சாக்கால் மூடி இருந்தது. அதன் விளிம்பில் கருப்பு.

சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். அண்ணே, அந்தச் சட்டியை உடைத்துப் போட்டுவிட்டுப் பாலராமபுரத்துக்குப் போங்கள், நான் சொல்லிவிட்டேன். முதல் பாதி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அடுத்த பாதி வரவில்லை. அடுத்த பாதி இல்லாமல் முதல் பாதியைச் சொல்ல முடியாது, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஓவர்சியர் மராமத்துக்காரர்தானே, போலீஸ் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். எதற்கு வந்தாய் என்று லெட்சுமி கேட்டாள். சுண்ணாம்பு வடிகட்ட ஒரு பழந்துணி வேண்டும் என்றேன். தோளில் போடுகிற பழைய நேரியது ஒன்றைக் கிழித்துப் பாதி தந்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் போலீஸ் வந்தது. நான் முக்கில் கலவை கரைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் முக்குக் கடையில் நின்று சாயா குடித்தார்கள். பிறகு தறிக்காரன் வீடு எது என்று கடைக்காரரிடம் கேட்டார்கள். கடைக்காரர் மாதவண்ணன். மலையாளம் பேசுகிறவர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் எங்கள் ஊர். இரண்டு பாஷைப் பத்திரிகையும் வாங்கிப் போட்டு, இரண்டு கூட்டத்துக்கும் ஒரே சாயா கொடுத்தவர். வழி கேட்டவர்களுக்கு அவர் எப்போதும்போல் கையை நீட்டி வழி காட்டினார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

பொன்னையண்ணனை நடத்திக் கொண்டுபோனார்கள். தறியில் பாதி நெய்திருந்த பாவு நூலை வெட்டிப் போட்டார்கள். மழைக்காலம் முடிந்துதான் விட்டார்கள். வந்தபோது வலது கை விரல்கள் மடங்கியபடியே இருந்தன. அறுந்த இழையை முடிச்சுப் போட அந்த விரல்களால் ஆகவில்லை. அறுந்த இழையை முடிச்சுப் போட ஆகாதவன் நெசவுக்காரனே இல்லை. தறியைப் பிரித்துப் பரணில் போட்டார்கள்.

காட்டிக் கொடுத்தது யார் என்று ஊர் பேசியது. ஓவர்சியர் என் பேரை எங்கேயும் விடவில்லை. சந்தையில் நான் விளக்கியதைக் கேட்டவர்கள் அது சுண்ணாம்புக் காரியம் என்று நினைத்திருப்பார்கள், அல்லது மறந்திருப்பார்கள். கண்ணால் கண்டது ஒரு கை. மலையாளத்துக்காரன் கை. அது போதுமாக இருந்தது.

மாதவண்ணன் கடைக்கு ஆள் போவது நின்றது. யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. போகவில்லை, அவ்வளவுதான். போக நினைத்தவனும் மற்றவன் பார்ப்பானே என்று போகவில்லை. ஒரு நாள் விடிந்தபோது கடைச் சுவரில் தாரால் எழுதியிருந்தது. நான் யாரும் வாசித்துச் சொல்லாமல் முழுசாக வாசித்த முதல் எழுத்து அது. ‘ஒற்றுக்காரன் கடை.’

அன்றைக்கு நானும் ஓவர்சியரும் அந்த வழியாகப் போனோம். நான் வாளியை இறக்கினேன். அவர் சுவரைப் பார்த்தார்.

“அது நம்முடெ அழுக்கல்ல” என்றார்.

அது நம்முடைய அழுக்கு இல்லை. சர்க்காரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

இரண்டு நாள் கழித்து மாதவண்ணன் என் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். அவரே சுண்ணாம்பு வாங்கி நாலு கை அடித்துப் பார்த்திருக்கிறார். தார் மஞ்சளாக எழும்பி, எழுத்து இன்னும் பெரிதாகத் தெரிகிறதாம்.

“நீ அடிச்சா தெரியாதுன்னு எல்லாரும் சொல்லுவினும். ஒரு கை அடிச்சுத் தா மோளே. எனக்க பிள்ள பள்ளிக்கூடம் போவ மாட்டேன்னு கெடந்து அழுது கரையுது.”

“உத்தரவு இல்லண்ணே” என்றேன்.

“உத்தரவோ?”

அவர் என் சுண்ணாம்புத் தொட்டியைப் பார்த்தார். களிமண் வயலில் கிடக்கிறது, அரிவாள் வீட்டில் இருக்கிறது, ஒரு காலை நேரத்து வேலை. ஆனால் அதை நான் அழித்தால், இவளுக்கு ஏன் அவன்மேல் இரக்கம் என்று ஊர் கேட்கும். கேட்கத் தொடங்கினால் சந்தை மதில் வரைக்கும் கேட்டுப் போவார்கள். ஸ்திர உத்தரவும் அதுவரை கைக்கு வரவில்லை. அவர் திரும்பிப் போனார். அந்த மாசமே குடும்பத்தோடு காஞ்சிரங்குளம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கேயும் கடை நிலைக்கவில்லை, பிறகு எங்கே என்று தெரியாது. கடைச் சுவர் பல மழைக்கு நின்றது. எழுத்தும் நின்றது. நான் தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போனேன்.

பிறகு எல்லை போட்டார்கள். தெற்கே நாலு தாலூகா தமிழ்நாட்டுக்குப் போயிற்று. எங்கள் தாலூகா போகவில்லை. பொன்னையண்ணன் விரலைக் கொடுத்து எழுதியது ஒன்றும் நடக்கவில்லை. மதிலில் எழுத ஆளும் இல்லாமல் போயிற்று. எனக்கு ஸ்திர உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தாலூகாக் கச்சேரி என்று முப்பது வருஷத்துக்கு மேல் வெள்ளையடித்தேன். ஒரு குற்றம் சொல்ல யாருக்கும் இடம் கொடுக்கவில்லை. வேலையிலிருந்து பிரியும்போது மாலை போட்டார்கள். இப்போதும் பென்ஷன் வருகிறது.

பொன்னையண்ணன் இதற்கிடையில் செத்தார். இருந்த காலமெல்லாம் வெற்றிலையை இடது கையால் மடித்துக்கொண்டு மாதவண்ணனை வைதார். நான் எத்தனையோ சாயங்காலம் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். ஆமாம் என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

அவர் போய் ஒரு வருஷம் கழித்து லெட்சுமியிடம் போய்ச் சொன்னேன். சந்தை மதில், பாவுக் கஞ்சி, அன்று துணி கேட்டு வந்தது, எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு கேட்டாள். நான் முடித்தபிறகும் கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். அழுவாள் என்றோ, என்னை அடித்து வெளியே தள்ளுவாள் என்றோ நினைத்துப் போயிருந்தேன்.

“இது எனக்குக் கேக்காண்டாம் ராசம்மே” என்றாள். “முப்பது வருசமா அவரும் நானும் ஒருத்தன வெறுத்தாச்சு. அவர் அந்தப் பேரச் சொல்லியே கண்ண மூடியாச்சு. இனி ஆள மாத்த எனக்குக் கழியாது.”

கீரைக் காம்புகளைக் கூட்டி முற்றத்தில் எறிந்தாள். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். இருந்து சாப்பிட்டேன்.